சந்தை வீதிக் குழாயும் ஸுல்பாவின் சோறும்

சோற்றுக் கிடாரங்களை ஆட்டோவிலிருந்து இறக்க வேண்டாம் என்று பள்ளிக்கூட அதிபர் சொன்னபோது, லீவு விட்டுவிட்டார்களோ என்றுதான் ஸுல்பா முதலில் நினைத்தாள். ஆனால் உள்ளே பிள்ளைகளின் சத்தம் கேட்டது. வாசலில் தாய்மார் சிலர் கூடி நின்றார்கள். அவர்கள் யாரும் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

“ஏன் சேர், என்ன நடந்தது?”

“நேற்றுப் பின்னேரம் தொடங்கிப் பிள்ளையளுக்கு வாந்தியும் வயித்தாலையும். இருவதுக்கு மேலை ஆசுப்பத்திரியிலை கிடக்கினம். சாப்பாட்டாலைதான் எண்டு எல்லாரும் சொல்லினம். ஒரு முடிவு தெரியும்வரைக்கும் நீங்கள் சமைச்சுக் கொண்டுவர வேண்டாம்.”

அவர் அதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். வாசலில் நின்று, எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னார். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தாய்மாரில் விமலேஸ்வரி மட்டும் ஆட்டோவுக்குக் கிட்ட வந்தாள். அவளுடைய மகள் யதுர்ஷிகா நான்காம் வகுப்பு. ஸுல்பாவின் பருப்பு என்றால் இன்னொரு கரண்டி கேட்கிற பிள்ளை. இரவு முழுக்க வார்ட்டில் இருந்த களை விமலேஸ்வரியின் முகத்தில் அப்படியே இருந்தது.

“அக்கா, நான் சண்டைக்கு வரேல்லை. ஆனா என்ர பிள்ளை நேற்று வேறை ஒண்டும் தின்னேல்லை. உங்கட சோத்தைத்தான் திண்டவள்.”

“சோறு கொதிச்சது, விமலா. பருப்புக் கொதிச்சது. முட்டை அவிச்சது. எதிலை பிழை வரும்?”

விமலேஸ்வரிக்குப் பின்னால் நின்ற யாரோ ஒருத்தி, “ஏன், எங்கட ஆக்கள் ஒருத்தரும் சமைக்க மாட்டினமே?” என்றாள்.

ஸுல்பா திரும்பிப் பார்த்தாள். சொன்னது யாரென்று தெரியவில்லை. எல்லோரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் ஆட்டோக்காரனிடம், “வீட்டை கொண்டுபோய் விடு தம்பி” என்று மட்டும் சொன்னாள்.

பாலையடிக்கு அவள் வந்து பதினைந்து வருடத்துக்கு மேலாகிறது. பிறந்தது முல்லைத்தீவுக் கரையில். பத்து வயதில், வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது, உடுத்த உடுப்போடு குடும்பமாக வெளியேறி, வளர்ந்ததும் கல்யாணம் முடித்ததும் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில். சண்டை முடிந்த பிறகு புருஷன் நிஸாரின் தகப்பனுக்கு இருந்த காணித் துண்டை நம்பி, ஏ9 வீதியிலிருந்து சற்று உள்ளே கிடக்கும் இந்தச் சிறு நகரத்துக்கு வந்தார்கள். குளத்துத் திட்டத்தில் வயல் கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களும், பழைய முஸ்லிம் வியாபாரக் குடும்பங்களும் கலந்து வாழ்கிற இடம். நிஸார் சந்தியில் டயர் ஒட்டும் கடை போட்டார். ஸுல்பா முதலில் இடியப்பம் விற்றாள். பிறகு, கடைசி மகள் படித்த பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு சமைக்கப் பெற்றோரில் ஒருவரைக் கேட்டபோது கையை உயர்த்தினாள்.

அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் ஒரு பெயர் உண்டு. கூட்டுறவுக் கடையில் நிறை குறைந்தால் அந்த இடத்திலேயே கேட்பாள். பஸ்ஸில் மிச்சக் காசு தராவிட்டால் இறங்க மாட்டாள். ஆனால் அவளுடைய குசினியைப் பற்றி யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. கீரையை மூன்று தண்ணீரில் அலசாமல் அடுப்பில் வைக்க மாட்டாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் ஒரு கோப்பை நிறையச் சோறு போட்டு, பருப்பை ஊற்றி, சாமான்கள் கழுவும் கல்லில் இருந்தபடி சாப்பிட்டாள். பசியில்லை. கோபத்தில் சாப்பிட்டாள். நிஸார் வந்து பார்த்துவிட்டு தானும் ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார்.

பின்னேரம் சுகாதாரப் பரிசோதகர் ரஜிதன் வந்தான். புதிதாக வேலைக்கு வந்த பொடியன். குசினிக்குள் போகச் செருப்பைக் கழற்றினான். கிடாரம், கரண்டி, அரிசி மூட்டை எல்லாவற்றையும் பார்த்தான். முதல்நாள் மிச்சச் சோற்றிலும் அன்றைய சோற்றிலும் கொஞ்சம் எடுத்துப் போத்தல்களில் அடைத்தான்.

“அக்கா, குறை நினைக்காதேங்கோ. இது என்ர வேலை.”

“வேலையைச் செய்யுங்கோ தம்பி. ஆனா முழுக்கச் செய்யுங்கோ. சோத்தை எடுத்த மாதிரி அந்தக் குழாயிலையும் எடுங்கோ. பள்ளிக்கூடத்துக் குழாயிலையும் எடுங்கோ. பிள்ளையள் போத்திலிலை நிரப்பிக் குடிக்கிறது அதிலைதானே.”

“தண்ணியிலை ஏதும் வித்தியாசம் கண்டனீங்களே?”

“எப்ப காணேல்லை? பின்னேரம் திறந்துவிட்ட உடனை வாறது பால் விடாத பிளேன்ரீ நிறம். ஒரு வாளி ஊத்திப்போட்டுத்தான் பிடிக்கிறது. இப்ப ரெண்டு கிழமையா நாத்தமும் சேந்து வருது. தண்ணிக் கந்தோருக்குப் போன் எடுத்துச் சொன்னனான். ‘பாக்கிறம்’ எண்டவை.”

ரஜிதன் இரண்டு குழாயிலும் எடுத்துக்கொண்டு போனான். முடிவு வர நாளெடுக்கும் என்றான்.

மறுநாள் ஸுல்பா ஆஸ்பத்திரிக்குப் போனாள். போக வேண்டாம், வீண் கதை வரும் என்று நிஸார் தடுத்தார். “நான் ஒளிச்சிருந்தால்தான் கதை வரும்” என்று சொல்லிவிட்டு, இளநீர் நாலு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

யதுர்ஷிகாவுக்குச் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. கண் உள்ளே போயிருந்தது. ஸுல்பாவைக் கண்டதும் பிள்ளை மெல்லச் சிரித்தது. விமலேஸ்வரி இளநீரை வாங்கவுமில்லை, வேண்டாம் என்று சொல்லவுமில்லை. ஸுல்பா அதைக் கட்டிலடியில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

அப்போதுதான் பக்கத்துப் பெரியவர்கள் வார்ட்டில் சந்தை வீதிப் புடைவைக்கடை ஆதம்பாவா படுத்திருப்பதைக் கண்டாள். எழுபது வயது மனிதர். அவருக்கும் அதே வயிற்றோட்டம். அதற்கடுத்த கட்டிலில் அதே வீதித் தபாற்காரரின் தாய். கூடத்தில் ஒரு இளம் தாய், இன்னும் தவழாத குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். பால்மா கரைத்துக் கொடுத்ததிலிருந்து குழந்தைக்கு வயிற்றோட்டம் நிற்கவில்லை என்றாள்.

“எங்கை பிள்ளை உங்கட வீடு?”

“சந்தை வீதியிலை, மில்லுக்குப் பின்பக்கம்.”

ஸுல்பா கூடத்திலேயே நின்றுவிட்டாள். ஆதம்பாவா பள்ளிக்கூடச் சோறு சாப்பிட்டவரா? தபாற்காரரின் தாய்? இந்தக் குழந்தை? பள்ளிக்கூடத்துக்கும் இவர்களுக்கும் பொதுவாக இருந்தது ஒரு வீதி, அந்த வீதியின் ஒரு குழாய். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை, ஒரு தரம் வார்ட்டைச் சுற்றி நடந்தால் போதும். அதிபர் நடக்கவில்லை. பெற்றார் சங்கத்தில் யாரும் நடக்கவில்லை. தன்னை வாசலில் நிற்க வைக்க மட்டும் எல்லோருக்கும் நேரம் இருந்தது.

அவள் திரும்பிப் போய் விமலேஸ்வரியின் கையைப் பிடித்தாள். “எழும்பு. என்னோடை வந்து ஒருக்காப் பார். அதுக்குப் பிறகு என்னை என்னவெண்டாலும் சொல்லு.”

விமலேஸ்வரி போய்ப் பார்த்தாள். குழந்தையின் தாயோடு கதைத்தாள். திரும்பி வந்து இளநீரை எடுத்து, வெட்டித் தரச் சொல்லி வாசற்காவலாளியிடம் கொண்டுபோனாள்.

பரிசோதனை முடிவு வந்தபோது ரஜிதன் நேரே ஸுல்பாவின் வீட்டுக்குத்தான் வந்தான். சோற்றில் ஒன்றும் இல்லை. குழாய்த் தண்ணீரில் மலக்கிருமி. பள்ளிக்கூடத்துக் குழாயில் அது இன்னும் அதிகம்.

அடுத்த நாள் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் வீதி வீதியாகப் போனது. மறு அறிவித்தல் வரை குடிநீரைக் கொதிக்க வைத்து அருந்துமாறு பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது. ஏன் கொதிக்க வைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. குழாயைப் பற்றிச் சொல்லவில்லை. பள்ளிக்கூடச் சாப்பாட்டில் பிழையில்லை என்பதையும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் அதற்கிடையில் வேறொரு வீட்டிலிருந்து சாப்பாடு வரத் தொடங்கியிருந்தது.

ஸுல்பா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு குடிநீர்க் கந்தோருக்குப் போனாள்.

அங்கே பொறியியலாளராக இருந்தவர் சுமித்திரா. முப்பத்தைந்து வயதிருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வாடகை அறையில் இருப்பவர். மேசையில் நகரத்து வரைபடம் விரிந்து கிடந்தது. ஸுல்பா, அவர் இருக்கச் சொல்லும்வரை காத்திராமல் கதிரையில் இருந்தாள்.

“மிஸ், ஒண்டே ஒண்டு கேக்கவேணும். சந்தை வீதிக் குழாய் பழுது எண்டு உங்களுக்கு எப்ப தெரியும்?”

சுமித்திரா பேனையை மூடி வைத்தார். “இஞ்சை வந்த முதல் மாசத்திலையிருந்து தெரியும். எனக்கு முதல் இருந்தவருக்கும் தெரியும்.”

ஸுல்பா மறுப்பை எதிர்பார்த்து வந்தவள். இந்தப் பதிலுக்கு அவள் ஆயத்தமாக இருக்கவில்லை.

“அது அஸ்பெஸ்ரஸ் சீமெந்துக் குழாய், அக்கா. எங்கட அப்பா அம்மா சின்னப் பிள்ளையளா இருக்கேக்கை நிலத்துக்கை தாட்டது. செல் விழுந்து, டோசர் ஓடி, எல்லாம் பட்டது. சண்டை முடிஞ்சபிறகு அதிலையே புதுக் கனெக்சன் குடுத்து, புது மீற்றர் பூட்டினவை. குழாய் மட்டும் பழசு. பக்கத்திலையே கழிவு வாய்க்கால் போகுது. குழாய் நிறையத் தண்ணி ஓடேக்கை வெடிப்புகளாலை தண்ணி வெளியிலை போகும். நாங்கள் நிப்பாட்டினவுடனை குழாய் வெறுமையாகும். அப்ப வாய்க்கால் தண்ணி உள்ளை வரும். பின்னேரம் திறக்கேக்கை உங்கட வீட்டுக்கு முதல் வாறது அதுதான்.”

“பிளேன்ரீ.”

“என்னக்கா?”

“ஒண்டுமில்லை. ஏன் மாத்தேல்லை?”

சுமித்திரா வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மூன்று தரம் திட்டம் போட்டாயிற்று. முதல் தரம், நாட்டில் காசே இல்லை, குழாய் இறக்குமதியும் இல்லை. பாலையடியில் அப்போது தேர்ந்தெடுத்த உள்ளூராட்சிச் சபையும் இல்லை. யாரிடம் போய்க் கேட்பது? இரண்டாம் தரம் வெளிநாட்டுக் கடன் வந்தது. ஆனால் அது புதிதாகக் கட்டுவதற்கு மட்டுமே, பழையதை மாற்றுவதற்கு இல்லையாம். அதில்தான் சந்திக்குப் பக்கத்தில் அந்த உயரமான நீர்த்தாங்கி எழும்பியது.

“அந்தத் தாங்கியை ஒரு நாளும் முழுக்க நிரப்பேல்லை, அக்கா. நிரப்பித் திறந்தால் அந்த வேகத்துக்குக் கீழை இருக்கிற குழாய் வெடிக்கும்.”

“மூண்டாந் தரம்?”

“போன வருசம் புதுச் சபை வந்தது. குழாயை முதலாவதா வைச்சுத்தான் குடுத்தன். சபை, சந்தியிலை வரவேற்பு வளைவையும் சந்தை வீதிக்குக் காபெற் தாரையும் அதுக்கு மேலை ஏத்திப்போட்டுது. குழாய் அடுத்த வருசமாம்.”

“பழங்குழாய்க்கு மேலை காபெற்?”

“ஓம்.”

ஸுல்பா எழுந்தாள். அவள் குரல் உயரவில்லை. “தெரிஞ்ச நீங்கள் எல்லாரும் பேசாமல் இருந்தனீங்கள். ஒண்டும் தெரியாத நான் பள்ளிக்கூட வாசலிலை நிண்டு பேச்சு வாங்கினனான். நல்லா இருக்கு, மிஸ்.”

“அது பிழைதான் அக்கா” என்றார் சுமித்திரா. அவர் தன்னை நியாயப்படுத்தவில்லை. அதனாலேயே ஸுல்பாவுக்கு இன்னும் கோபம் வந்தது. சண்டை பிடிக்க ஒரு ஆளாவது வேண்டும்போல் இருந்தது. வாசலடியில் வைத்து சுமித்திரா கூப்பிட்டுச் சொன்னார்: “சபையின்ர வருசப் பாதீட்டுக்கு முதல் சனத்தின்ர கருத்துக் கேக்கிற கூட்டம் வருது. ஒருத்தரும் வாறேல்லை. நீங்கள் வாங்கோ.”

அந்த வருடம் கூட்டத்துக்கு ஆட்கள் போனார்கள். விமலேஸ்வரி பள்ளிக்கூடத் தாய்மாரைச் சேர்த்தாள். வாசலில் நிலத்தைப் பார்த்தவர்களும் அதில் இருந்தார்கள். ஸுல்பா அவர்களிடம் எதையும் கிளறவில்லை. குழாய்த் தண்ணீரைப் போத்தலில் கொண்டுபோய்ச் சபைத் தவிசாளரைக் குடிக்கச் சொல்லலாம் என்று ஒருத்தி யோசனை சொன்னாள். “நாடகம் போட நாங்கள் போகேல்லை” என்று ஸுல்பா மறுத்துவிட்டாள். “அவர் குடிக்க மாட்டார். படம் பேஸ்புக்கிலை வரும். குழாய் அங்கையே கிடக்கும்.”

தவிசாளர் தவராசா நல்ல சிரித்த முகக்காரர். செத்த வீடு, கல்யாண வீடு ஒன்றையும் விடாதவர். ஸுல்பா கேட்டதை எல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“ஸுல்பா அக்கா, நீங்கள் சொல்லுறது முழுக்க நியாயம். ஆனா ஒண்டை விளங்கிக்கொள்ளுங்கோ. குழாய் நிலத்துக்குக் கீழை போற சாமான். அவ்வளவு காசையும் தாட்டுப்போட்டு, நான் சனத்துக்கு எதைக் காட்டிறது? வளைவு எண்டால் வாற போறவன் பாப்பான். ஊருக்கு ஒரு மதிப்பு. குழாயை அடுத்த வருசம் கட்டாயம் செய்வம்.”

“வளைவைப் பாத்திட்டு உள்ளை வாறவன் தண்ணி குடிச்சால் எங்கை போவான்? ஆசுப்பத்திரிக்குத்தானே. அதுக்கு வழிகாட்டவோ வளைவு?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஸுல்பா சிரிக்கவில்லை.

“தவிசாளர் ஐயா, பிள்ளையள் சேலைனோடை கிடந்தவை. தவழாத குழந்தை ஒண்டு கிடந்தது. அதை நீங்கள் வந்து பாத்தனீங்கள், பழமும் கொண்டு வந்தனீங்கள். குழாயாலைதான் எண்டு அப்பவும் உங்களுக்குத் தெரியும். தெரியுமோ இல்லையோ, இஞ்சை எல்லாருக்கும் முன்னாலை சொல்லுங்கோ.”

தவராசா சுமித்திராவைப் பார்த்தார். உறுப்பினர் ஒருவர் எழுந்து, குழாய் அப்படி மோசம் என்று இதற்கு முதல் சபைக்கு அறிவிக்கப்பட்டதா என்று கேட்டார். சுமித்திரா இடமாற்றத்துக்குக் காத்திருக்கும் அரசாங்க உத்தியோகத்தர். அவர் இல்லை என்று சொல்லிவிட்டால் எல்லோருக்கும் வசதி.

“ஓம்” என்றார் அவர். “அறிவிச்சனான். காபெற்றைப் போட்டால் ஒரு வருசத்துக்குள்ளை அதை வெட்டவேண்டி வரும் எண்டும் சொன்னனான்.”

அதற்குப் பிறகு கூட்டம் தவிசாளரின் கையில் இல்லை. கடைக்காரர்கள் எழுந்தார்கள். காபெற்றைப் போட்டுவிட்டு வெட்டினால் தங்கள் வியாபாரம் இரண்டு தரம் கெடும் என்றார்கள். காசு போதாது, தண்ணீர்க் கட்டணத்தைக் கொஞ்சம் கூட்டினால்தான் முடியும் என்று ஒரு உறுப்பினர் சொல்ல, கடைக்காரர்களே எதிர்த்தார்கள்.

“நான் கட்டுவன்” என்றாள் ஸுல்பா. “குடிக்கேலாத தண்ணிக்கே மாசாமாசம் கட்டிறம். குடிக்கக்கூடிய தண்ணிக்குக் கட்ட மாட்டமே? ஆனா கூட்டின காசு குழாய்க்கு மட்டும்தான் போகவேணும். எங்கை, எவ்வளவு தூரம் தாட்டது எண்டு மாசத்துக்கு ஒருக்கா எங்களுக்குச் சொல்லவேணும். அதுவரைக்கும் பள்ளிக்கூடத்துக்குப் பவுசர் லொறியிலை தண்ணி வரவேணும்.”

இரண்டு கிழமை இழுபறிக்குப் பிறகு முடிவானது. வளைவு வேலை நின்றது. எழும்பியிருந்த இரண்டு தூண்களும் கம்பி நீட்டிக்கொண்டு அப்படியே நிற்கின்றன. காபெற் தள்ளிப்போனது. அந்தக் காசும் கட்டண உயர்வும் சேர்ந்து, தாங்கியிலிருந்து மில் வரைக்கும் புதுக் குழாய் புதைக்கப் போதுமாக இருந்தது. மில்லுக்கு அப்பால் அடுத்த கட்டம் என்றார்கள். ஸுல்பாவின் வீடு மில்லுக்கு அப்பால்.

வெட்டத் தொடங்கிய அன்று அவள் போய்ப் பார்த்தாள். வெளியே எடுத்துப் போட்ட பழங்குழாய் சாம்பல் நிறத்தில், நனைந்த பிஸ்கற்போல் விளிம்பு உதிர்ந்து கிடந்தது. ஒரு இடத்தில் மரவேர் உள்ளே புகுந்து தும்புபோல் அடைத்திருந்தது. இதற்குள்ளால் வந்ததையா பிள்ளைகள் போத்தல் போத்தலாகக் குடித்தார்கள் என்று அவள் குனிந்து பார்த்தபடி நின்றாள். தவிசாளர் படப்பிடிப்பாளரோடு வந்து, நீலக் கோடு போட்ட புதுக் கறுப்புக் குழாயில் கையை வைத்துப் படம் எடுத்தார். “அக்கா, நீங்களும் வந்து நில்லுங்கோ” என்றார். அவள் போகவில்லை.

அதிபர் ஆள் அனுப்பியது புதுத் தவணைக்கு முதல் கிழமை. திரும்பவும் சமைக்க வரட்டாம். ஒரு தவறான விளக்கம் நடந்துவிட்டதாம்.

“விளக்கம் ஒண்டும் தவறேல்லை, சேர்” என்று அவள் நேரே போய்ச் சொன்னாள். “நீங்கள் விசாரிக்காமல் என்னைக் குற்றம் சொன்னனீங்கள். எல்லாருக்கும் முன்னாலை சொன்னனீங்கள். இதையும் அப்பிடியே சொன்னால் வாறன்.”

பெற்றார் கூட்டத்தில் அவர் சொன்னார். இருமி, தொண்டையைச் செருமி, ஸுல்பாவின் சாப்பாட்டில் எந்தப் பிழையும் இருக்கவில்லை என்றும் தான் அவசரப்பட்டுவிட்டதாகவும் சொன்னார். அவளுக்கு அது இனித்தது என்று சொல்ல முடியாது. அந்த வார்த்தைகளைக் கேட்டுக்கொண்டிருந்தபோதும் ஆஸ்பத்திரிக் கூடத்தில் நடந்த அந்த இளம் தாய்தான் நினைவில் வந்தாள். அவளிடம் யார் போய், அவசரப்பட்டதல்ல, தாமதித்ததுதான் பிழை என்று சொன்னார்கள்?

பள்ளிக்கூடக் குழாயில் இப்போது தெளிந்த தண்ணீர் வருகிறது. மில்லடியில் வால்வை அரைவாசி மூடி வைத்துக்கொண்டு தாங்கியை முழுக்க நிரப்புகிறார்கள். ஸுல்பாவின் வீட்டில் மட்டும் இன்னும் பின்னேரங்களில் ஒரு வாளியை ஊற்றிவிட்டுத்தான் பிடிக்கிறாள், கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறாள். மாதத்துக்கு ஒருதரம் சொல்ல வேண்டும் என்று பேசிய கணக்கு இரண்டு மாதம் வந்தது. பிறகு வரவில்லை. சுமித்திராவுக்கு இடமாற்றம் வந்து அம்பாறைப் பக்கம் போய்விட்டார். அது அவர் கேட்ட இடமல்ல என்று ஊரில் கதை.

மூன்றாம் மாதம் ஸுல்பா கந்தோருக்குப் போனபோது அந்த மேசையில் புதிதாக ஒருவர் இருந்தார். வரைபடம் சுருட்டி அலுமாரிக்கு மேலே கிடந்தது.

“ஆர் அம்மா நீங்கள்? என்ன அலுவல்?”

“மில்லுக்கு அங்காலை குழாய் எப்ப போடுறியள் எண்டு கேக்க வந்தனான்.”

“அது அடுத்த வருசத் திட்டத்திலை வரும் போலை.”

ஸுல்பா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“சேர், அந்தப் படத்தை எடுத்து விரியுங்கோ” என்றாள். “முதலிலையிருந்து சொல்லுறன்.”